ஒக்ஸானா பணிநீக்கம் செய்யப்பட்ட விதம்

உலக இலக்கியத்தை இதுவரை எவரும் சரியாக எடைபோட்டதில்லை. விமர்சகர்கள் கட்டுரைகளால் அளந்தார்கள்; பேராசிரியர்கள் கருத்தரங்குகளால் அளந்தார்கள். தராசில் வைத்து நிறுத்துப் பார்த்த பெருமை, இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு திருப்பூர் பல்லடம் சாலையில் இயங்கிய ஒரு பனியன் கம்பெனியின் எச்.ஆர். மேனேஜர் கிட்டுசாமியையே சேரும். ரஷ்ய, உக்ரைன் நாட்டுப் பெண்களைப் பற்றிய சரித்திர நாவல்கள் மொத்தம் பத்தொன்பது. எடை பதினான்கு கிலோ இருநூறு கிராம். பனியைக் கண்டறியாத, பனியனை மட்டுமே கண்டறிந்த ஓர் ஊருக்கு இது சாதாரண சாதனை அல்ல.

கம்பெனியின் பெயரைச் சொல்வதற்கில்லை. அது ஏற்றுமதிக் கம்பெனி. சொன்னால் பெயரும் ஏற்றுமதியாகிவிடும். அதன் முதலாளி பொன்னுச்சாமி தொழிலாளர் நலனில் தீராத அக்கறை கொண்டவர். அந்த அக்கறை ஆண்டுக்கு ஒருமுறை, வெளிநாட்டில் சரக்கு வாங்கும் பையர் அனுப்பும் ஆடிட்டர் வருவதற்கு முந்தைய வாரம் உச்சத்தை எட்டும். மற்ற ஊர்களில் ஆடிக்குத் தள்ளுபடி. இங்கே ஆடிட்டுக்கு வெள்ளையடிப்பு.

அந்த ஆண்டு ஆடிட் பட்டியலைக் கிட்டுசாமி முதலாளி அறையில் நின்று வாசித்தார்.

"நாப்பத்தொண்ணாவது அயிட்டம் நூலகமுங்க."

"நூல் குடோன்தான் ரெண்டு இருக்குதேங்க. தொறந்து காட்டுங்க."

"இது படிக்கற நூலுங்க."

முதலாளி நெடுநேரம் யோசித்தார். "அதுல என்ன கவுண்ட்டுன்னு கேக்கறாங்க? முப்பதாம் நம்பர் மொத்த நூலா, நாப்பதாம் நம்பர் சன்ன நூலா?"

"அதெல்லாம் போடலீங்க. அலமாரி நெறஞ்சிருந்தாப் போதுமுங்க."

கிட்டுசாமி அலமாரியின் நீள அகலத்தைக் குறித்துக்கொண்டு பழைய பேப்பர் கடைக்குப் போனார். யாரோ ஓய்வுபெற்ற ஆசிரியரின் வீட்டைக் காலி செய்தபோது வந்த மூட்டை ஒன்று அங்கே பிரிக்காமல் கிடந்தது. எல்லாம் தமிழில் மொழிபெயர்க்கப்பட்ட தடித்த நாவல்கள். பண்ணை அடிமைப் பெண்கள், படைவீரர்களின் விதவைகள், பீட்டர்ஸ்பர்க் சீமாட்டிகள், பஞ்சத்தில் நடந்தே ஊர் கடந்த தாய்மார்கள் என்று இருநூறு ஆண்டுகளின் பெண்குலம் அந்தச் சாக்குக்குள் நெருக்கியடித்துப் படுத்திருந்தது. கிட்டுசாமியைக் கவர்ந்தது அவற்றின் தடிமன். பத்தொன்பதை வைத்தால் ஒரு அலமாரி நிறைந்துவிடும். மெலிந்த புத்தகம் என்றால் அறுபது வாங்க வேண்டும்.

கண்ணாடி அலமாரிக்கு 'அறிவுச் சோலை' என்று பெயர்ப்பலகை மாட்டப்பட்டது. ஆடிட்டர் வந்தார், படம் எடுத்தார், 'பெண்களின் அறிவு வளர்ச்சி' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டுச் சென்றார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அலமாரிச் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டதைத் தவிர, நிர்வாகத்தின் மீது ஒரு குறையும் சொல்ல முடியாது.

தைத்து வந்த பனியன்களில் ஓட்டை, கறை, பிசிறு பார்க்கும் செக்கிங் செக்‌ஷனில் முப்பத்தெட்டுப் பெண்கள். அவர்களில் சைதுன்னிசா பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். அவள் ஒரு மதியம் அலமாரியைத் திறந்து, இருப்பதிலேயே பெரிய நாவலை எடுத்து, சோற்றுத் தூக்குப்போசியைத் திறந்து வைத்தபடி சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். முதல் நாள் நான்கு பேர் கேட்டார்கள். ஒரு வாரத்தில் முப்பத்தெட்டுப் பேரும் அரைமணி நேர உணவு இடைவேளையில் பத்து நிமிடத்தில் சோற்றை முடித்துவிட்டு வட்டம் கட்டி உட்கார்ந்தார்கள். பிறகு மேசையில் துணி ஓடும்போதும் பேச்சு ஓடியது. மாப்பிள்ளை சரியில்லை என்றார்கள். அந்தப் பண்ணையார் மகன் மூஞ்சியில் முழிக்கக் கூடாது என்றார்கள். தணிந்த குரலில் ஒக்ஸானா, ஒக்ஸானா என்றார்கள்.

ஒரு புதன்கிழமை காலை அது நடந்தது.

பெண்கள் கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் சூப்பர்வைசர் ஜெயபாண்டியிடம் பிளாஸ்டிக் டோக்கன் வாங்க வேண்டும். ஒரு ஷிப்டுக்கு ஒருவருக்கு இரண்டு. உற்பத்தியும் இயற்கையும் மோதிக்கொள்ளாமல் இருக்க நிர்வாகம் கண்டுபிடித்த நாகரிகமான ஏற்பாடு இது. அன்று சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து ஆறு வருடமாக வேலை செய்யும் முத்துப்பேச்சி, டோக்கனை வாங்காமல் அவனைக் கடந்து நடந்தாள்.

"டோக்கன் எங்க?" என்றான் ஜெயபாண்டி.

"அவசரத்துக்குச் சீட்டு வாங்க மாட்டேன்னு ஒக்ஸானா சொல்லிட்டா. நானும் வாங்கல."

அவளுக்குப் பின்னால் சைதுன்னிசா போனாள். மதியத்துக்குள் முப்பத்தெட்டுப் பேரும் டோக்கன் இல்லாமல் போய்வந்துவிட்டார்கள். ஜெயபாண்டி உடனே எழுத்துமூலம் புகார் செய்தான்: 'ஒக்ஸானா என்பவரின் தூண்டுதலின் பேரில் பெண்கள் கட்டுப்பாடின்றி இயற்கையை மேற்கொள்கின்றனர்.'

முதலாளி நீண்ட கடிதங்களைப் படிப்பதில்லை. இது ஒரே வரியாக இருந்ததால் முழுதாகப் படித்துவிட்டார்.

"ஆருங்க இந்த ஒக்ஸானா?"

"தெரியலீங்க. விசாரிக்கறனுங்க," என்றார் கிட்டுசாமி. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. நூற்று நாற்பது பெண்கள் வேலை செய்யும் இடத்தில் ஒரு மேனேஜர் எத்தனை பெயரைத்தான் மனதில் வைத்துக்கொள்வார்?

அவர் செக்கிங் மேசைக்குப் போய், தொண்டையைச் செருமி, "இங்க ஒக்ஸானாங்கறது ஆரம்மிணி?" என்று கேட்டார். முப்பத்தெட்டுக் கத்தரிக்கோல்கள் நின்றன.

சைதுன்னிசாதான் எழுந்தாள். "நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல வர்றாங்க சார்."

"இப்ப எரநூத்தி நாப்பதுக்கு வந்துட்டா சார்," என்றாள் முத்துப்பேச்சி. "பாவம், அவ நெலம நல்லால்ல."

கிட்டுசாமி புத்தகத்தைக் கைப்பற்றினார். சாட்சியத்தை முழுமையாகப் படிக்காமல் விசாரணை அதிகாரி முடிவுக்கு வரக் கூடாது என்பதால், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்.

நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய கதை. உக்ரைனில் பொல்டாவா ஊர்ப்பக்கம் ஒரு பண்ணையார். அவர் கொட்டகையில் நாள் முழுக்கத் துணி நெய்யும் அடிமைப் பெண்கள். வெளியே போய்வர அவர்களுக்கு மரச் சில்லு தருவார்கள். பொழுது விடிந்து சாய்வதற்குள் இரண்டு சில்லு. ஒக்ஸானா ஒருநாள் தன் சில்லைக் கணப்பில் போட்டுக் குளிர்காய்ந்தாள். கிட்டுசாமி அந்த இடத்தில் புத்தகத்தை மூடினார். பிறகு அவசரமாகத் திறந்தார்.

விசாரணை ஐந்து நாள் நீடித்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கும் தொடர்ந்தது. அவர் மனைவி ரங்காத்தாள் மோர் கொண்டுவந்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, ஆரு செத்துப்போனது?"

"சாகலை. வித்துப்போட்டாங்க. ரெண்டு வேட்டை நாய்க்கு மாத்தி."

"ஆரையுங்க?"

"நம்ம செக்கிங்குல…" என்று தொடங்கிய கிட்டுசாமி, பாதியில் நிறுத்தி மோரைக் குடித்தார்.

அவரை உறுத்தியது பண்ணையார் அல்ல. அவர் கெட்டவர் என்று மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அந்தப் பண்ணையில் ஒரு கணக்கப்பிள்ளை இருந்தான். நல்ல மனிதன். குரலை உயர்த்தாதவன். விற்பனைப் பத்திரத்தை அவளிடம் வாசித்துக் காட்டும்போதுகூட, அவளை உட்காரச் சொல்லி, தண்ணீர் வேண்டுமா என்று விசாரித்துவிட்டுத்தான் வாசித்தான். அவனை எங்கேயோ பார்த்தது போலவே கிட்டுசாமிக்கு இருந்தது. முகம் கழுவப் போனபோது கண்ணாடியைப் பார்க்காமலே திரும்பினார்.

திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டார். கொங்கு நாட்டில் சீட்டைக் கிழிப்பதும் 'ங்க' போட்டுத்தான்.

"கிட்டுசாமி, எனக்கு ஒரு பேரு வேணுமுங்க. அந்த ஒக்ஸானாவை அனுப்பியுடறீங்களா, இல்ல டோக்கன் வாங்காம மொதல்ல போன முத்துப்பேச்சியையும் அந்தச் சைதுன்னிசாவையும் சேர்த்து அனுப்பியுடறதுங்களா? நீங்களே முடிவு பண்ணுங்க."

ஒக்ஸானா என்று ஒருத்தி இல்லவே இல்லை என்று சொல்லக் கிட்டுசாமி வாயைத் திறந்தார். சொன்னால் அடுத்த நிமிடம் மற்ற இருவரும் வெளியே. முத்துப்பேச்சிக்குப் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். திறந்த வாய் திறந்தபடி வேறொன்றைச் சொன்னது.

"ஒக்ஸானாவையே அனுப்பியுடலாமுங்க."

"எந்த ஊருங்க அது?"

"பொல்டாவா பக்கமுங்க."

"பல்லடமா?"

"அதைத் தாண்டிப் போகோணுமுங்க."

"குண்டடத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"அந்தப் பக்கமுங்க. ரொம்பத் தூரமுங்க."

"கல்யாணம் ஆயிருச்சா?"

"ஆகறதுக்குள்ள வித்துட்டாங்க."

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். "என்ன சனங்களோ. செரி, பாவம் பாத்தா கம்பெனி நடத்த முடியாது. முறைப்படி செய்யுங்க. அடுத்த ஆடிட்டுல கேள்வி வரக் கூடாது."

'முறைப்படி' என்ற சொல் அந்தக் கட்டடத்தில் ஆடிட்டர் இல்லாத நாளில் ஒலித்தது அதுவே முதல் தடவை. கிட்டுசாமி சட்ட ஆலோசகருக்குப் போன் செய்தார்.

"நீக்கற ஆர்டர்ல, வேலைக்கு எடுத்த ஆர்டரோட நம்பரையும் தேதியையும் போடோணுமுங்க," என்றார் ஆலோசகர். "அதைப் பாத்து எழுதிக்குங்க."

கிட்டுசாமி பீரோவைத் திறந்தார். 'பெண் பணியாளர்கள்' என்று எழுதிய மஞ்சள் ஃபைல் ஒன்று இருந்தது. அதற்குள் ஆயுத பூஜைக்குப் பொரி கொடுத்த பட்டியல் இருந்தது. வேறெதுவும் இல்லை; ஒரு பெண்ணுக்கும் நியமன ஆர்டர் கொடுத்ததே இல்லை. ஒருவரை நீக்க வேண்டுமென்றால் முதலில் அவரை நியமிக்க வேண்டும். கம்பெனி அதுவரை யோசித்திராத நுட்பம் இது.

ஆலோசகர் மாதிரிப் படிவத்தை அனுப்பிவைத்தார். கிட்டுசாமி உட்கார்ந்து, பழைய தேதி போட்டுத் தட்டச்சு செய்தார். வேலை நேரம் எட்டு மணி. வாரம் ஒருநாள் விடுமுறை. பி.எஃப். உண்டு, இ.எஸ்.ஐ. உண்டு, பேறுகால விடுப்பு உண்டு. கடைசியில், படிவத்தில் இல்லாத ஒரு வரியை அவராகவே சேர்த்தார்: 'கழிப்பறைக்குச் செல்ல எவருடைய அனுமதியும் தேவையில்லை.' அடையாள அட்டைக்குப் போட்டோ வேண்டியிருந்தது. நாவலின் உள்ளட்டையில் தலையில் துணி கட்டிய ஒரு பெண்ணின் கோட்டோவியம் இருந்தது. அதை நகலெடுத்து ஒட்டினார்.

முதலாளி நியமன ஆர்டரைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அட்டையை மட்டும் சற்று நேரம் பார்த்தார். "களையான புள்ளை. ஏனுங்க இப்படிப் பண்ணுச்சு?"

பிறகு குற்றப்பத்திரிகை போனது. பதிவுத் தபால் 'விலாசதாரர் இல்லை' என்று திரும்பி வந்தது. விசாரணை நாளன்று ஒரு நாற்காலி போட்டு, தண்ணீர் வைத்து, காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை கிட்டுசாமி காத்திருந்தார். ஒக்ஸானா ஆஜராகவில்லை. பணிநீக்க ஆர்டர் எழுதும்போது அவர் விரல் இரண்டு தடவை தவறான எழுத்தைத் தட்டியது. நாவலில் இன்னும் நூறு பக்கம் பாக்கி இருந்தது. அவள் பிழைப்பாளா என்று தெரியாமலே அவளை நீக்க வேண்டியதாயிற்று.

கையெழுத்து வாங்கப் போனபோது, "கலகக்காரி போயிட்டாளுங்க. இனி எதுக்குங்க அந்த டோக்கன்? அதைப் பாத்தா மத்தவங்களுக்கு அவ நெனப்புத்தான் வரும்," என்று மெல்லச் சொன்னார்.

"அதுஞ் செரிதான். எடுத்துருங்க," என்றார் முதலாளி. டோக்கன் டப்பா அன்று சாயங்காலமே குப்பைக்குப் போனது. தொழில் அமைதியைக் காப்பதில் இத்தனை விரைவாக வெற்றிகண்ட நிர்வாகம் அந்தச் சாலையிலேயே வேறு இல்லை.

சட்டப்படி ஆவணங்களின் நகல்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டன. மதிய இடைவேளையில் முப்பத்தெட்டுப் பேரும் பலகைக்கு முன்னால் கூடினார்கள். சைதுன்னிசா, நாவலை வாசிக்கும் அதே குரலில், நியமன ஆர்டரை முதல் வரியிலிருந்து வாசித்தாள். எட்டு மணி நேரம் என்றபோது யாரோ லேசாகச் சிரித்தார்கள். பேறுகால விடுப்பு என்றபோது யாரும் சிரிக்கவில்லை. அதையும் உக்ரைனில் நடந்த கதையைக் கேட்பது போலவே கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

கிட்டுசாமி கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார். இரண்டு பேரின் வேலையைக் காப்பாற்றிய மனிதருக்கு ஒரு நன்றியாவது கிடைக்கும் என்று அவர் எதிர்பார்த்ததில் தவறில்லை. முத்துப்பேச்சி அவரிடம் வந்தாள்.

"சார், இந்த மாதிரி ஆர்டர் ஒக்ஸானாவுக்கு மட்டுந்தானா?"

"இப்போதைக்கு அப்படித்தான் அம்மிணி. அந்தப் புள்ளையை நீக்கோணுமேன்னு போட்டது."

முத்துப்பேச்சி தலையை ஆட்டினாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"அப்ப எங்களையும் நீக்கிருங்க சார். அதுக்காகவாவது ஒரு தடவ வேலைக்கு எடுப்பியள்லா."