இரண்டு பேர் பாட்டு, மூன்று குரல்

ஹெட்போனைக் கழற்றி, காதைத் துடைத்து, மறுபடி மாட்டிக் கேட்டான் வின். சந்தேகமே இல்லை. பாடியது இரண்டு பேர். பதிவில் மூன்று குரல்.

முதலில் அவனுடைய ராப். அதன்மேல் ஹோங் லியூ பாடும் பொலேரோ என்கிற பழைய சோகப்பாட்டு, பனி இறங்குவது மாதிரி. அதற்கும் பின்னால் எவளோ ஒருத்தி, கரகரத்த தொண்டையில் கூடவே பாடுகிறாள்.

"அக்கா, உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்காம என்ன?" என்றாள் ஹோங் லியூ. அவளுடைய பழைய ஹுவே ஊர்ப் பேச்சு, சைகோனில் வளர்ந்தவனுக்குப் பாதிதான் புரியும். "நல்லா உயிரோட பாடுறா."

வின்னுக்குப் பட்டப்பகலில் முதுகு சில்லிட்டது. பசித்த ஆவிகள் ஊர் சுற்றும் ஏழாம் மாதம். எந்தப் பாடகரும் புதுப்பாட்டைத் தொடமாட்டார். அதனால்தான் சந்துக்குள் இந்த ஒலிப்பதிவு அறை பாதி வாடகைக்குக் கிடைத்தது. ஜோடிக்கு ஆளே கிடைக்காமல் அவன் திண்டாடியபோது, தானாக வந்து கதவருகே நின்றவள் ஹோங் லியூ.

ஏற்கனவே இரண்டு பாட்டு படுத்துவிட்டன. இதுவும் ஊற்றிக்கொண்டால் கம்பெனி அவனைக் கழற்றிவிடும். அப்புறம் பைக் டாக்ஸிதான்.

மறுபடி பாடினார்கள். மூன்றாவது குரல் கூச்சம் விட்டு வந்தது.

ஜன்னலில் கம்பளியை ஆணியடித்து மாட்டினான். வேர்த்துக் கொட்டியது. குரலோ இப்போது கத்தியது.

கடைசியில் வாசற்படியில் கஞ்சி, பொரி, உப்பு படைத்து ஊதுபத்தி கொளுத்தினான். ஜன்னலுக்கு வெளியே காபிக்கடை போட்டிருக்கும் முவாய் அக்கா, வின் சொன்னபடி தினமும் கொண்டுவரும் இரண்டு காபியில் தன் பங்கை ஒருநாளும் தொடாத ஹோங் லியூ, அந்தக் கஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது உங்களுக்கில்ல."

"அப்படியா?" என்றாள், முகம் வாடி.

மறுபடி பாடியபோது குரல் வாசலிலிருந்தே கேட்டது.

அழாக்குறையாக அந்தப் பதிவையே கம்பெனி மேனேஜர் லொக்குக்கு அனுப்பினான். உடனே போன் வந்தது.

"டேய், பின்னிட்டடா! அந்தப் பொம்பளக் குரல்... எனக்கே கண்ணு கலங்கிருச்சு. ஆவி மாசம் முடிஞ்சதும் ரிலீஸ் பண்ணிருவோம். அவங்ககிட்ட ஒரு கையெழுத்து வாங்கி வை."

"சரிண்ணே. அந்த மூணாவது குரல்..."

"மூணாவதா? ஆம்பள ஒண்ணு, பொம்பள ஒண்ணு. ரெண்டுதானடா இருக்கு. போய்த் தூங்கு."

வின்னின் கையிலிருந்து போன் நழுவியது. அப்போ அது மனுஷக் குரலே இல்லை!

ஒப்பந்தத்தை ஹோங் லியூவிடம் நீட்டினான். "நீங்களாவது கையெழுத்து போடுங்கக்கா."

அவள் பேனாவைத் தொடவில்லை. சும்மா சிரித்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு முவாய் அக்கா வந்தாள், தட்டில் இரண்டு காபி.

"அக்கா, இந்த ரூமுக்குள்ள ஒரு பேய் பாடுது!" வின்னுக்குப் பல் தந்தியடித்தது. "ஜன்னல மூடினா கத்துது, கஞ்சி வச்சா வாசலுக்கே வருது!"

முவாய் அக்கா வெட்கத்தில் நெளிந்தாள்.

"ஐயோ, அது நான்தான் தம்பி. நீ ஜன்னல மூடினதால வாசப்படிக்கு வந்து உக்காந்தேன். தினமும் நீ ஒத்தையில நின்னு பாடுறது பாக்கப் பாவமா இருந்துச்சு, அதான் ஜோடி சேந்துக்கிட்டேன்."