ராகி வாரத்தில் நேர்ந்த தோல்வி

எழுத்தைக் கண்டுபிடிக்க மனித குலத்துக்கு எத்தனையோ ஆயிரம் வருஷம் பிடித்தது. அந்த எழுத்தை இரண்டாம் வகுப்பின் வாசற்படியிலேயே நிறுத்திவைக்கும் உபாயத்தைக் கண்டுபிடிக்கக் கல்வி ஆபீசுக்கு ஒன்றரைப் பக்கச் சுற்றறிக்கை போதுமானதாக இருந்தது. இவ்விரண்டில் எது பெரிய சாதனை என்று சொல்ல நமக்குத் தகுதி போதாது.

அந்த மகத்தான ஏற்பாட்டுக்கு "வார மையத் திட்டம்" என்று பெயர். வாரத்துக்கு ஒரு பொருள். மொழி, கணக்கு, பூகோளம், சரித்திரம், சுகாதாரம், நல்லொழுக்கம் எல்லாம் அந்த வாரம் அந்தப் பொருளின் வயிற்றிலிருந்தே பிறந்தாக வேண்டும். புத்தகம் கூடாது. "பிள்ளையின் உள்ளத்தில் எழுத்துத் தாகம் தானே எழும் வரை ஆசிரியர் புத்தகத்தைத் திறக்கலாகாது" என்று ஏழாவது பாரா கண்டிப்பாகச் சொல்லியது. தாகம் எழுந்தால் உரிய படிவத்தில் மூன்று நகல்களுடன் தெரிவிக்க வேண்டும். திட்டம் வந்து ஒரு வருஷமாகியும், வட்டாரத்தின் நூற்று நாற்பத்து மூன்று பள்ளிகளில் எங்கிருந்தும் தாகம் எழுந்ததாகத் தகவல் இல்லை. திட்டம் அவ்வளவு நன்றாக நடந்துகொண்டிருந்தது.

கெலமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்து, இறங்கி ஒரு மைல் நடந்தால் சிக்கதாசரப்பள்ளி. அங்கே இரண்டாம் வகுப்பு டீச்சர் அருள்மேரிக்குத் திட்டத்தின் மேல் அளவில்லாத மரியாதை. மரியாதை இல்லாமல் என்ன செய்வாள்? வேலை இன்னும் டெம்பரரி. காவேரிப்பட்டினத்தில் அம்மாவும் இரண்டு தம்பிகளும் அவள் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து "நிரந்தரமாக்கலாம்" என்று ஒரு வார்த்தை எழுதினால் வேலை நிலைக்கும். எழுதாவிட்டால் ஏப்ரலோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

களிமண் வாரம் போயிற்று. புளியங்கொட்டை வாரம் போயிற்று. ஆகஸ்டில் கொள்ளு வாரமும் வந்து போயிற்று. பிறகு இன்னும் என்னென்னவோ வாரங்கள் போயின. பிப்ரவரியில் ராகி வாரம் வந்தது. திங்கட்கிழமைப் பாடம்: "ராகியை அறிதல்." ஒதுக்கப்பட்ட நேரம் நாற்பத்தைந்து நிமிஷம்.

"இது என்ன?" என்றாள் அருள்மேரி.

"ராகி!" என்றார்கள் முப்பத்தொரு பிள்ளைகள்.

"இதுக்கு முன்னால எங்க பாத்திருக்கீங்க?"

"காத்தால களியில டீச்சரே!"

பாடம் அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மிச்சம் நாற்பத்து நாலரை நிமிஷமும் வகுப்பு ராகியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. ராகியும் பொறுமையாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை "ராகியை எண்ணுதல்." ஆளுக்கு ஒரு பிடி. முதல் வரிசையில் இருந்த சென்னம்மா நூற்றெழுபது வரை எண்ணிவிட்டுத் தும்மினாள். அவளுடைய கணிதம் அறை முழுக்கச் சிதறியது. புதன்கிழமை "ராகியும் சரித்திரமும்." பண்டைக் காலத்து ராஜாக்களும் ராகி தின்றிருக்கலாம் என்ற உண்மை அன்று பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கப்பட்டது. பள்ளித் தோட்டத்தில் பிள்ளைகள் வளர்த்த ராகிப் பயிரைப் பற்றிய பாடம் மட்டும் நடக்கவில்லை. தலைமையாசிரியர் வீட்டு ஆடு அந்தப் பாடத்தைக் கதிரோடு முன்கூட்டியே முடித்துவிட்டிருந்தது.

இத்தனை சிறப்பு வாய்ந்த வகுப்பில் ஒரு களவு நடந்துகொண்டிருந்தது என்பதை மனவருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. அது கொள்ளு வாரத்தில் தொடங்கியது. கொள்ளைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகள் தூங்கி வழிந்தார்கள். அருள்மேரிக்கும் கொட்டாவி அடக்க முடியவில்லை. சும்மா இருக்க மாட்டாமல் கரும்பலகையில் பெரிதாக ஒரு "அ" போட்டாள். அவ்வளவுதான், தூங்கிய கண்கள் அத்தனையும் திறந்துகொண்டன.

"டீச்சரே, அடுத்தது என்ன?" என்றாள் சென்னம்மா.

அடுத்தது "ஆ" என்று அருள்மேரி சொல்லித் தொலைத்தாள். அன்றிலிருந்து தினமும் களவுதான். பீரோவுக்குள் பூட்டிக் கிடந்த வாசகப் புத்தகங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஜன்னலோரம் உட்கார்ந்த பிள்ளைக்குக் காவல். தலைமையாசிரியரின் குடை தெரிந்தால் அந்த வாரத்துப் பொருளின் பெயரைக் கத்த வேண்டும். "கொள்ளு!" என்றதும் சிலேட்டுகள் குப்புற விழும், வகுப்பு கொள்ளை எண்ணத் தொடங்கும். அருள்மேரிக்குப் பயமாகத்தான் இருக்கும். ஆனாலும், பயிற்சி முடித்து வந்த நாளிலிருந்து அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

களவில் ஒரே ஒரு ஆபத்து, சென்னம்மா. வீட்டில் தெலுங்கு பேசும் பெண். தமிழெழுத்து கூடி வந்ததும் அவளுக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. எழுத்து எங்கே கண்ணில் பட்டாலும் உரக்கப் படித்துவிடுவாள். தீப்பெட்டி, பீடிக்கட்டு, பஸ்ஸின் நெற்றிப் பலகை, எதையும் விடமாட்டாள். ஒரு நாள் அவளுடைய அம்மா பாப்பம்மா பதறிக்கொண்டு வந்தாள்.

"டீச்சரம்மா, எம் பொண்ணுக்கு என்னமோ ஆயிப்போச்சும்மா. உப்பு மடிச்சிக் குடுத்த காயிதத்த வெச்சிக்கினு தனியாப் பேசிக்கினு கீறா. மந்திரிச்சுடலாமா?"

"மந்திரிக்கறதெல்லாம் வேணாங்க. தானா பேசலை, படிக்கிறா."

"படிக்கிறாளா!" பாப்பம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "யாரும் சொல்லிக் குடுக்கக் கூடாதுன்னு கவர்மெண்டு உத்தரவுன்னாங்களே?"

"அதனாலதான் சொல்றேன். வெளிய மூச்சு விடாதீங்க."

வியாழக்கிழமை சாயங்காலம் தலைமையாசிரியர் தீர்த்தகிரி அருள்மேரியைக் கூப்பிட்டனுப்பினார். மறுநாள் இன்ஸ்பெக்டர் வருகிறார். தீர்த்தகிரி அனுபவசாலி. இன்ஸ்பெக்டர்கள் எழுத வேண்டிய பார்வைக் குறிப்பை அவர்கள் வருவதற்கு முன்பே தாமே எழுதி வைத்துவிடுவது அவருடைய இருபது வருஷத்து வழக்கம். வருகிறவர் கையெழுத்துப் போட்டால் போதும். இங்கிலீஷில் ஒரு குறிப்பு இருந்தது. அதையே வருஷா வருஷம் தேதி மாற்றி நகல் எடுத்துவந்தார். இந்த வருஷம் அதற்கும் கேடு வந்துவிட்டது. சர்க்கார் காரியமெல்லாம் இனித் தமிழில்தான் என்று சட்டம் வந்திருந்தது.

"இங்கிலீசுல இருந்தப்ப ஒரு தொந்தரவும் இல்லம்மா," என்றார் தீர்த்தகிரி. "தமிழ்ல பொய் எழுதினா கை நடுங்குது. நம்ம பேசறது மாதிரியே இருக்குது பாரு."

நடுங்கினாலும் பார்வைப் புத்தகத்தில் எழுதிவிட்டிருந்தார். இன்ஸ்பெக்டருக்குப் பார்வை மட்டு என்பதால் எழுத்து ஒவ்வொன்றும் அவரைக்கொட்டை அளவுக்கு இருந்தது.

"கடைசி வரியில உன் பேரு போட்டிருக்கிறேன். நிரந்தரமாக்கலாம்னு. ஒரு கையெழுத்துதான் பாக்கி. பிள்ளைங்க வாயத் திறக்காம பாத்துக்கோ, அது போதும்."

அருள்மேரி அந்தக் கடைசி வரியை இரண்டு தரம் படித்தாள். அம்மாவுக்கு இன்றைக்கே கார்டு போட்டுவிடலாமா என்று தோன்றியது. முதல் வரிகளை அவள் படிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் சென்னம்மாவைத் தனியாக அழைத்து, "எழுத்தப் பாத்தா வாய மூடிக்கணும், தெரியுதா?" என்றாள். சென்னம்மா அப்போதே வாயை மூடிக்காட்டினாள்.

இன்ஸ்பெக்டர் பதினொன்றரைக்கு வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஒரு மணிக்குத் திரும்புகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதற்கு முன் தலைமையாசிரியர் வீட்டில் கோழிக் குழம்பையும் பார்வையிட வேண்டும். ஆகவே வகுப்புக்கு ஏழு நிமிஷம் ஒதுக்கினார்.

"குழந்தைகளா, கேப்பைன்னா என்ன, சொல்லுங்க பார்ப்போம்!"

வகுப்பு விழித்தது.

"ராகிங்க ஐயா, இங்க ராகிம்பாங்க," என்று தீர்த்தகிரி காதோடு சொன்னார்.

"ஓகோ. ரொம்ப நல்லது," என்ற இன்ஸ்பெக்டர், பரிசோதனை முடிந்த திருப்தியோடு பார்வைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார். மேஜை முழுக்க ராகி முறங்கள். மை காய்வதற்காகத் தீர்த்தகிரி புத்தகத்தை விரித்தபடி ஒரு ஸ்டூலின் மேல் வைத்தார். ஸ்டூல் முதல் வரிசைக்கு முன்னால் இருந்தது. முதல் வரிசையில் சென்னம்மா இருந்தாள்.

இரண்டு உதடுகளையும் பல்லால் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள், பாவம். ஆனால் அவரைக்கொட்டை எழுத்து. எத்தனை நேரம்தான் தாங்கும்?

"இன்று... காலை... பத்து மணி முதல்... மாலை நாலு மணி வரை... இரண்டாம் வகுப்பை... நேரில் பார்வையிட்டேன்."

"இன்னும் மத்தியான மணியே அடிக்கலையே!" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

இன்ஸ்பெக்டரின் பேனா மூடி கீழே விழுந்தது. சென்னம்மாவுக்கு இனி நிறுத்தத் தெரியவில்லை.

"பிள்ளைகள் தாமே... பயிரிட்டு அறுவடை செய்த... ராகியைக் கண்டு மகிழ்ந்தேன்."

"அத ஆடு தின்னுடுச்சு!" என்றார்கள் நாலைந்து பேர்.

"இவர்களில் ஒருவருக்கும் எழுத்து வாசனை இன்னும் ஏற்படவில்லை. திட்டம் முழு வெற்றி."

அந்த வரியில் அவள் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. படித்து முடித்துவிட்டு, டீச்சர் சொன்னது ஞாபகம் வந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வந்தது. குறிப்பில் கண்ட பொய்யைப் பற்றி அவருக்கு வருத்தமில்லை, அது வழக்கமானதுதான். அதை ஒரு ஏழு வயதுப் பெண் படித்துவிட்டாள் என்பதுதான் தாங்கவில்லை.

"ஏன்யா, இந்தக் குழந்தை படிக்கிறதே!"

"மனப்பாடமா இருக்கும் ஐயா," என்றார் தீர்த்தகிரி. "நேத்து நான் எழுதறப்ப வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே எழுதினேன். ஜன்னலோரம் நின்னு கேட்டிருக்கும்."

இன்ஸ்பெக்டர் முகம் தெளிந்தது. இரக்கமுள்ள மனிதர். அருள்மேரியின் பக்கம் திரும்பினார்.

"பாரும்மா. மனப்பாடம்னு நீ ஒரு வார்த்தை சொல்லிடு. கையெழுத்துப் போட்டாச்சு. உன் வேலையும் நிரந்தரம். நான் சாப்பிடப் போறேன். மனப்பாடம்தானே?"

அருள்மேரி பதில் சொல்ல வாயெடுத்தாள். அம்மா, இரண்டு தம்பிகள், வாடகை வீட்டுத் திண்டாட்டம் எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன. சென்னம்மா வாயைப் பொத்தியபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணில் பயம் இருந்தது. பயத்துக்குப் பின்னால், ஒரு எழுத்துகூடப் பிசகாமல் படித்தேனே, நல்லா படிச்சேன்னு சொல்லுங்களேன் என்ற ஆசையும் இருந்தது. இந்தப் பெண்ணைப் பார்த்துப் படிக்கத் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

"மனப்பாடம் இல்லீங்க ஐயா. வேற எதையாவது குடுத்துப் பாருங்க. அதையும் படிப்பா."

"அருள்மேரி!" என்றார் தீர்த்தகிரி.

இன்ஸ்பெக்டர் பையைத் துழாவினார். அதில் கைக்குக் கிடைத்த முதல் தாளை எடுத்து நீட்டினார். சென்னம்மா டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தலையசைத்தாள். சென்னம்மா எழுந்து நின்று, பாவாடையைச் சரிசெய்துகொண்டு, கணீரென்று படித்தாள்.

"பிள்ளையின் உள்ளத்தில்... எழுத்துத் தாகம்... தானே எழும் வரை... ஆசிரியர்... புத்தகத்தைத் திறக்கலாகாது."

"நல்லா படிச்சே," என்றாள் அருள்மேரி.

இன்ஸ்பெக்டர் ஸ்டூலின் மேலிருந்த புத்தகத்தை எடுத்துக் கடைசி வரியை இரண்டு கோடு போட்டு அடித்தார். முதல் வரிகளை அடிக்கவில்லை. கோழிக் குழம்பு ஆறிக்கொண்டிருந்ததால் மேற்கொண்டு விசாரணை ஒத்திவைக்கப்பட்டது.

பத்து நாளில் மெமோ வந்தது. "தங்கள் வகுப்பில் வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று நேரில் கண்டுபிடிக்கப்பட்டது. அப்பிள்ளைக்கு எழுத்துத் தாகம் தானே எழுந்ததா, பிறரால் எழுப்பப்பட்டதா? தானே எழுந்திருந்தால் மூன்று நகல்களில் ஏன் தெரிவிக்கவில்லை? எழுப்பப்பட்டிருந்தால் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?"

தீர்த்தகிரி அதை அவளிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்து பார்க்க முடியாமல் நின்றார். "மன்னிப்புக் கேட்டு எழுதிடும்மா. நானே நல்லா எழுதித் தரேன்," என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"நானே எழுதிக்கிறேங்க," என்றாள் அருள்மேரி.

மெமோவைக் கரும்பலகையில் எழுதிப்போட்டாள். ஒளிவு மறைவு இனி எதற்கு? அன்றைய பாடம் அதுதான். முப்பத்தொரு பிள்ளைகளும் அதை ஒரே குரலில் படித்தார்கள். "எடுக்கக் கூடாது" என்ற இடத்தில் கூரையே அதிர்ந்தது. பிறகு அவள் ஒரு தாளில் பதில் எழுதினாள்: "ஒரு பிள்ளை என்று மெமோவில் கண்டிருப்பது பிழை. முப்பத்தொன்று." கீழே முப்பத்தொரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்த ஊரில் பத்திரம் எதுவானாலும் கட்டைவிரல் ரேகைதான் விழும். இவ்வளவு கையெழுத்து ஒரே தாளில் விழுந்தது அதுவே முதல் தடவை.

ஏப்ரலில் அருள்மேரி டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸுக்கு நடந்தாள். பாப்பம்மா பெட்டியைத் தூக்கி வந்தாள். பஸ் வந்து நின்றதும் சென்னம்மா அதன் நெற்றியைப் பார்த்து உரக்கப் படித்தாள். அருள்மேரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுதாள்.

கல்வி ஆபீசின் அந்த வருஷத்து அறிக்கை ஜூனில் அச்சாகி வந்தது. மிகவும் நேர்மையான அறிக்கை, குறையைக்கூட மறைக்கவில்லை. நூற்று நாற்பத்திரண்டு பள்ளிகளில் இரண்டாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் வாசிக்கத் தெரியாததால் திட்டம் முழு வெற்றி பெற்றதாகவும், ஒரே ஒரு பள்ளியில் மட்டும் முப்பத்தொரு தோல்விகள் பதிவானதாகவும் அதில் கண்டிருந்தது. தோல்விக்குப் பொறுப்பான ஆசிரியை விலக்கப்பட்டுவிட்டபடியால், வரும் ஆண்டில் அங்கேயும் வெற்றி உறுதியாம்.