பத்து விரலும் நலம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு நானும் என் பத்து விரல்களும் நலம். தங்கள் மருமகளும், அதாவது என் மகளும், அவளுடைய பத்து விரல்களும் அவ்வண்ணமே. கண் ஆபரேஷன் முடிந்து தங்கள் மூத்த மகள் வீட்டில் ஓய்வெடுக்கும் தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

விரல் கணக்கில் தொடங்கக் காரணம் உண்டு. தங்கள் வீட்டுப் பட்டறையில் இருக்கும் பேண்ட்சா மெஷினை, அதாவது வளையமாகச் சுற்றி ஓடும் அந்த மரம் அறுக்கிற ரம்பத்தை, விற்றுவிடலாம், நினைத்தாலே பயமாக இருக்கிறது என்று தாங்கள் சொன்னதாக மாப்பிள்ளை சொன்னார். ஓடுகிற ரம்பத்துக்கு முன்னால் ஒரு பெண் நிற்பதா என்றுதானே பயம்? அந்த மெஷின் போனால் என் மகளுக்கு மரவேலைத் தொழிலே போச்சு. அவளுக்குத் துணையாக இங்கே வந்து தங்கி நேரில் பார்த்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

சென்ற வாரம் வளைந்த கை வைத்த நாற்காலிக்கு ஆர்டர் வந்தது. மெஷினில் இருந்ததோ தடிமரம் அறுக்கிற அகல பிளேடு. அது வளைவில் திரும்பாது, ஒல்லி பிளேடுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் மரம் எடுக்கப் போனாள். சும்மா இருப்பானேன் என்று நானே மாற்றினேன். ஆபீசையே கட்டி ஆண்ட தலைமை எழுத்தருக்கு ஒரு பிளேடு மாட்டத் தெரியாதா? ஒரு பக்கம் மாட்டினால் பல்லெல்லாம் சுவரைப் பார்க்கிறது, திருப்பி மாட்டினால் கூரையைப் பார்க்கிறது, கீழே மேஜையைப் பார்ப்பேனா என்கிறது. எனக்கு வந்ததே கோபம்! பிளேடு கடைக்காரரைப் போனில் பிடித்து, "என்னய்யா, தலைகீழா பல் வச்ச பிளேடை என் தலையில கட்டிட்டீங்க?" என்று கேட்டேன். "சார், வீட்ல வேற யாராவது இருக்காங்களா?" என்கிறார். திமிரைப் பாருங்க!

மகள் வந்தாள். முதல் வேலையாகப் பிளக்கைப் பிடுங்கினாள். "இதைப் பிடுங்காமலா கைய வச்சீங்க?" என்று அவள் கேட்டதில் எனக்கு வேர்த்துவிட்டது. கையுறை மாட்டி, பிளேடு வளையத்தைக் கழற்றி, பனியனைத் திருப்புகிற மாதிரி உள்பக்கத்தை வெளியே புரட்டினாள். பல்லெல்லாம் சமர்த்தாக மேஜையைப் பார்த்தது. "உங்க பனியனும் இன்னைக்கு உள்வெளியாத்தான் இருக்கு, போய் மாத்துங்கப்பா" என்றாள்.

அறுக்கும்போது கையுறையைக் கழற்றிவிட்டாள். ஓடுகிற பிளேடு அதைக் கவ்வினால் கையையும் சேர்த்து இழுக்குமாம். கண்ணாடி போட்டு, முடியை அள்ளி முடிந்து, பிளேடை மறைக்கும் தகட்டை மரத்துக்கு ஒட்டினாற்போல் இறக்கினாள். தோளில் துண்டோடு எட்டிப் பார்த்தேன். ஒரு முறைப்புதான், துண்டும் வெளியே, நானும் வெளியே. கடைசிப் பகுதியை விரலால் தள்ளாமல் குச்சியால் தள்ளினாள். சுவிட்சை அணைச்ச பிறகும் பிளேடு ஓஞ்சு நிக்கிற வரைக்கும் கிட்ட கை கொண்டு போகலை. அந்த நாற்காலிக் கை வளைஞ்சு வந்துச்சு பாருங்க சம்பந்தி, எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. மரத்தூள்னு சொல்லிச் சமாளிச்சேன். நான் பெத்த பொண்ணுங்க அது!

ஆகவே மெஷினை விற்க வேண்டாம் என்று பத்து விரலையும் சேர்த்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது மகள் வந்து, தாங்கள் போன் செய்ததாகச் சொன்னாள். பிளேடு கடைக்காரர் தங்கள் பழைய சிநேகிதராம், என் போன் கதையை அன்றே தங்களிடம் சொல்லிவிட்டாராம். மருமகளைப் பற்றித் தங்களுக்கு என்றுமே பயமில்லையாம். "மெஷின் உன்னோடதும்மா. ஆனா உங்கப்பா பட்டறைப் படி ஏறினா அன்னைக்கே வித்துடுவேன்" என்றீர்களாம். சரி, ஏறவில்லை. ஜன்னல் வழியாகப் பார்க்கலாமா என்பதை மட்டும் தெரிவிக்கவும்.