காது வைத்து விற்ற கார்கள்

பெரியவர் கடைசியாகச் செய்த வேலை, துணி சுற்றிய சின்னச் சுத்தியலால் ஒரு வெள்ளைக் காரின் பானெட்டைத் தட்டி, வலது காதை அதன்மேல் வைத்ததுதான். வாங்க வந்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெகு நேரம் கழித்துப் பெரியவர் நிமிர்ந்தார்.

"பேசுது. எடுத்துட்டுப் போங்க."

மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை.

அந்தக் கார் ஷோரூம் நிற்கும் அதே இடத்தில்தான் அவருடைய தாத்தா மாட்டுவண்டிச் சக்கரங்களுக்கு இரும்புப் பட்டை போட்டார். அப்பா லாரி ஸ்பிரிங் அடித்தார். பெரியவரும் மீசை நரைக்கும்வரை சம்மட்டி பிடித்தவர். பிறகு உலை இருந்த இடத்தில் கண்ணாடி அறை எழும்பியது. கரி கொட்டிய தரையில் கார்கள் மின்னின. விரிசல் விட்ட இரும்பு மந்தமாக ஒலிக்கும், நல்ல இரும்பு கணீரென்று பாடும். பட்டறையிலிருந்து ஷோரூமுக்கு வந்தது அந்தத் தட்டல் ஒன்றுதான். சிலரிடம் மட்டும், "இன்னைக்கு வேண்டாம், அப்புறம் வாங்க" என்பார். அவர்களும் டாக்டர் சொன்னதுபோலக் கேட்டுக்கொண்டு போவார்கள்.

இப்போது மகன் முன்னால், பெரியவரிடம் முன்பு கார் வாங்கிய ஒரு டாக்சிக்காரர் நின்றிருந்தார். ஒரே நேரத்தில் ஆறு கார் கேட்டார். இந்த மாதம் அந்த ஆறும் போகாவிட்டால் ஏஜென்சி கைமாறிவிடும் என்று கார் கம்பெனி சொல்லியிருந்தது.

"எல்லாம் சரி தம்பி. தட்டிப் பாருங்க."

மகன் தட்டினான். காதை வைத்தான். டொக் என்றது, அவ்வளவுதான்.

"பேசுதுண்ணே."

"அதுக்குள்ளயா? உங்கப்பா இவ்வளவு சீக்கிரம் சொல்ல மாட்டாரே."

அடுத்த காரில் கழுத்து பிடித்துக்கொள்ளும்வரை காதை எடுக்கவில்லை.

"என்ன தம்பி, இவ்வளவு நேரம்? ஏதாவது கோளாறு சொல்லுதா?"

ஒன்றை வேண்டாம் என்றால் மற்றவற்றின்மேல் நம்பிக்கை வரும் என்று மகனுக்குத் தோன்றியது.

"இது மட்டும் வேண்டாம்ணே. குரல் கொஞ்சம் கட்டியிருக்கு."

"புது வண்டிக்குத் தொண்டை கட்டுமா?"

"எப்பவாவது."

"ஆறும் ஒரே லாரில வந்ததுன்னீங்க. அப்போ மத்ததுக்கும் தொத்தியிருக்குமே?"

"இல்லண்ணே, இதுவே சரியாயிடுச்சான்னு பார்க்கிறேன்" என்று மகன் ஓங்கித் தட்டினான். சுத்தியலில் இருந்த துணி நழுவியது. பானெட்டில் பள்ளம் விழுந்தது. கார் அலறத் தொடங்கியது. அதை நிறுத்தப் போன சேல்ஸ் பெண் பதற்றத்தில் கையில் கிடைத்த சாவியையெல்லாம் அமுக்க, மற்ற ஐந்தும் சேர்ந்துகொண்டன.

"இப்பப் பேசுது தம்பி, ஊருக்கே கேக்குது" என்று டாக்சிக்காரர் வாசலுக்கு நடந்தார்.

ஒருவழியாகச் சத்தம் அடங்கியது. கண்ணாடி அறையிலிருந்து அம்மா எழுந்து வந்தார். பெரியவர் போனபிறகும் அவர் தினமும் வருவதை நிறுத்தவில்லை.

"என்னடா கூத்து இது?"

"நானும் தட்டித் தட்டிப் பார்க்கிறேம்மா. எனக்கு ஒண்ணுமே கேக்கல!"

"அவருக்கு மட்டும் கேட்டுச்சாக்கும்? அந்த வலது காது, நீ பொறக்கிறதுக்கு முன்னாடியே பட்டறைச் சத்தத்துல போயிடுச்சேடா."

கதவின் கைப்பிடியைப் பிடித்த டாக்சிக்காரர் திரும்பினார்.

"என்னம்மா சொல்றீங்க? என் முதல் வண்டிக்கு எவ்வளவு நேரம் காதை வச்சுட்டு இருந்தாரு! அவ்வளவு நேரம் என்னதான் பண்ணினாரு?"

"உங்க முகத்தைப் பார்த்துட்டிருந்தாரு. நின்னு காத்திருக்கப் பொறுமை இல்லாத ஆளு ரோட்டுல யாரையாவது இடிச்சுடுவான்னு சொல்வாரு. அந்த மாதிரி ஆளுக்கு அவர் வண்டி தந்ததே இல்ல."

டாக்சிக்காரர் ஆறு கார்களையும் பார்த்தார். பிறகு எதையோ மறந்து உள்ளே விட்டுவிட்டவர்போல மெல்லத் திரும்பி நடந்து வந்தார்.

"தம்பி, நானும் காலையிலேருந்து நின்னுட்டுத்தானே இருக்கேன்?"

மகன் சாவிகளை எடுக்க ஓடினான்.

அம்மா கண்ணாடி அறைக்குள் போய், பெரியவரின் காலி நாற்காலிக்கு இடது பக்கத்தில், அவருக்குக் கேட்கும் பக்கத்தில், எப்போதும்போல உட்கார்ந்தார்.