ஆயர் குரோ மலையில் கேட்கக் கூடாத கேள்வி

பிள்ளையார் துணை

காஜா பேராங், மலாக்கா
திங்கட்கிழமை, மார்ச் 1958

சிரம்பானில் இருக்கும் மதிப்புக்குரிய மச்சான் ஜெயபாலன் அவர்களுக்கு, மாணிக்கவாசகம் கை கூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் தங்கை சாரதாம்பாள், மகள் இந்திரா மூவரும் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். இனி உண்மையை எழுதுகிறேன். நீங்கள் பார்த்துக் கொடுத்த சம்பந்தம் நேற்று மலையேறிப் போய்விட்டது.

நாட்டுக்கு மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்ததும் வந்தது, பிள்ளைகளுக்கும் மெர்டேக்கா வந்துவிட்டது. மாப்பிள்ளைப் பையன் தியாகு, வீட்டில் பஜ்ஜி தின்றுகொண்டு பெண் பார்ப்பது பிடிக்காது என்றானாம். அதற்கு நீங்கள்தானே, "ஆயர் குரோ பக்கம் ஒரு சின்ன மலை இருக்கு, குஞ்சு குளுவானெல்லாம் ஏறிடும், பாதி வழியில குளம், அங்க நின்னா அணைத் தண்ணி மொத்தமும் தெரியும், ரெண்டு குடும்பமும் காத்தாடப் போயிட்டு வாங்க" என்று யோசனை சொன்னீர்கள்? குஞ்சு குளுவான் ஏறட்டும் மச்சான், கல்யாண வயதில் பெண் வைத்திருப்பவன் ஏறக் கூடாது. இந்திராவின் வாய் உங்களுக்குத் தெரியாததல்ல. மனதில் கேள்வி வந்தால் அவளுக்குத் தொண்டையில் நிற்காது. போன வரன் அதனால்தான் போனது. "ஆபீசுல உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டாள், அந்தப் பையன் பதிலுக்குத் தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். ஆகவே இங்கே பொய்யாத பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்து, மலை இறங்கும் வரை வாயைத் திறப்பதில்லை என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

மலை சுலபம்தான், அதில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். மாப்பிள்ளையின் அப்பா பொன்னுதுரை, அம்மா நாகம்மா, பையன், நாங்கள் மூவர், ஒரு கூடைப் புளிச்சோறு, இவ்வளவும் மூச்சு வாங்காமல் குளம் வரை ஏறிவிட்டோம். சாரதா பிளாஸ்கில் இருந்த காப்பி முழுவதையும் பொன்னுதுரைக்கே ஊற்றி ஊற்றிக் கொடுத்தாள். குடித்துச் சற்று நேரம் இருந்தவர், சட்டென்று எழுந்து பாதையை விட்டுப் புதர்ப் பக்கமாக நடந்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் தனியாக நடக்கிறார், பெண்ணைப் பெற்றவன் உட்கார்ந்திருந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? நான் எழுந்து பின்னால் போனேன், நான் போகிறேனே என்று சாரதா வந்தாள், எல்லாரும் போகிறார்களே என்று மற்றவர்களும் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எங்கே என்று கேட்கலாமா? நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில், போகிறவரைப் பார்த்து எங்கே என்று கேட்டால் காரியம் உருப்படுமா? அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். பார்த்ததும் வேகமாக நடந்தார். நாங்களும் விடவில்லை.

குளத்தங்கரையில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். எங்களைக் கண்டதும் சிரித்த முகமாய், "கெ மானா, என்சே?" என்றார். எங்கே போகிறீர்கள் என்று கேட்பது அவர்களுக்கு மரியாதை, நமக்கு நெஞ்சில் இடி. சாரதா பதறிப்போய், "போற காரியம் கெட்டுடும்ண்ணே, ஒரு நிமிஷம் உட்காந்து தண்ணி குடிச்சிட்டு எழுந்திரிங்க" என்று செம்பை நீட்டினாள். பொன்னுதுரை செம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெண் வீட்டார் கொடுத்ததை எப்படி மறுப்பது என்று முழுவதையும் குடித்துவிட்டு, முன்னிலும் வேகமாக நடந்தார். சின்னக் குளம்தானே மச்சான், சுற்றினால் அதே தூண்டில்காரர். அவர் மரியாதை தவறுவாரா? மறுபடியும் கேட்டார். மறுபடியும் செம்பு. இந்தத் தடவை நாகம்மாவே, "குடிங்க, சகுனம் முக்கியம்" என்று அதட்டினார். பொன்னுதுரையின் முகம் கறுத்துப்போயிற்று. பெண்ணைப் பிடிக்கவில்லை போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். மனிதரைக் கொஞ்சம் குளிரவைக்கலாம் என்று, "அதோ பாருங்க, அணையில தண்ணி எப்படித் தளும்புது" என்று காட்டினேன். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

அப்போதுதான் நான் பெற்றது வாயைத் திறந்தது. நேரே அவர் முன்னால் போய் நின்று, "மாமா, எங்க போறீங்க?" என்று கேட்டுவிட்டது. எனக்கு மலையே சுற்றியது. அவர் அவள் காதில் என்னவோ சொன்னார். உடனே இவள், "எல்லாரும் அணைப் பக்கம் திரும்பி நில்லுங்க, நான் சொல்ற வரைக்கும் யாரும் திரும்பாதீங்க" என்று, மாமியாராக வரவேண்டியவரையும் சேர்த்து அதிகாரம் பண்ணினாள். நின்றோம். பார்த்தோம். நீங்கள் சொன்னபடி காட்சி நன்றாகத்தான் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நான் அழுதேன். பொன்னுதுரை திரும்பி வந்து யார் முகத்தையும் பார்க்காமல், "கிளம்பலாம்" என்றார். புளிச்சோற்றை ஒருவரும் தொடவில்லை. என்னதான் சொன்னார் என்று வீட்டில் கேட்டால், "அது மாமா ரகசியம்" என்கிறாள். பஸ் ஏறும்போது நாகம்மா, "போயிட்டுத் தகவல் சொல்லி அனுப்புறோம்" என்றார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்ற எல்லாருக்கும் தெரியும்.

இனி எங்களுக்காக வரன் பார்க்க வேண்டாம். மலையும் சொல்ல வேண்டாம். உங்கள் பிள்ளைகளாவது நல்ல இடத்தில் வாழ்ந்து பெருக வேண்டும் என்று வாழ்த்துகிற, கெட்டும் மனம் கெடாத
மாணிக்கவாசகம்.

பி.கு.: உறையை ஒட்டுகிற நேரத்தில் பொன்னுதுரை குடும்பத்தோடு வந்துவிட்டார், கையில் தாம்பூலத் தட்டு. "சம்பந்தி, நேத்து நான் ஒன்னுக்குப் போகத்தான் எழுந்தேன். நீங்க ஊர்வலமா பின்னால வந்தா நான் என்ன செய்வேன்? எங்க போறேன்னு ஒருத்தராவது கேக்க மாட்டாங்களான்னு தவிச்சுப் போயிட்டேன். கேட்ட பொண்ணுதான் எங்க வீட்டுக்கு வேணும்" என்றார். தியாகுவிடம் ஆபீசில் என்ன வேலை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, இந்திராவும் சரி என்றுவிட்டாள். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு நிச்சயதார்த்தத்துக்கு வந்து சேருங்கள். இப்போது காப்பி குடித்து எழுந்த பொன்னுதுரை, வந்த வழியை விட்டுத் தெங்கேரா தெருப் பக்கமாகத் தனியே நடக்கிறார். நல்ல காரியம் கூடிவந்த நாள் அல்லவா, எங்கே என்று நான் கேட்கவில்லை. சாரதா செம்போடு பின்னால் போயிருக்கிறாள், நானும் கிளம்புகிறேன்.