அம்மான் பொண்ணு

அரபு நாட்டுக்காரனிடமே ‘நீ சரியான அரபி இல்லை’ என்று தீர்ப்புச் சொன்ன ஒரே ஆள், இந்தப் புதுச்சேரியில் எங்கள் பாலைவனம்தான்.

நெல்லித்தோப்பு மாடி ரூமில் நாங்கள் மூன்று பேர். எம்.ஏ. பாடத்துக்காகத் தமிழில் வந்த நாலு அரபு நாவல்களைப் படித்ததிலிருந்து பாலைவனத்துக்கு அந்தப் பட்டப்பெயர். மூன்றாமவன் யாசின், ஜோர்டானிலிருந்து படிக்க வந்தவன். தமிழை எங்களிடமே பொறுக்கிக்கொண்டான்.

நாவல்களில் எல்லோரும் ஊரை இழந்து, கசப்புக் காபி குடித்து, பெருமூச்சு விட்டார்கள். யாசினோ பரோட்டாவுக்கு இன்னொரு கரண்டி சால்னா கேட்டான்.

“உங்கப்பாவ ஊரவுட்டுத் தொரத்திட்டாங்களாடா?” பாலைவனம் உருகுவான்.

“இல்ல மச்சி. அப்பா பல் டாக்டர்.”

“மறைக்கிறான் பாரு,” என்பான் என்னிடம்.

படிப்பு முடிகிற சமயம் யாசினுக்குக் கல்யாணம் நிச்சயமானது. “அம்மான் பொண்ணு,” என்றான்.

பாலைவனம் கட்டிலிலிருந்து குதித்தான். “பாத்தியா! நம்மள மாரியே தாய்மாமன் பொண்ணு! நாவல்லயும் அம்மான் பொண்ணத்தான் கட்டுறான்!”

“மாமா இல்ல. அம்மான் எங்க ஊரு. ஜோர்டான் தலைநகரம். இவ சித்தப்பா பொண்ணு.”

நாலு நாவல் படித்தவனுக்குத் தலைநகரம் தெரியவில்லை. ஆனால் அதைவிட மோசம் பின்னால் வந்தது.

“சித்தப்பா பொண்ணா? தங்கச்சிடா அவ! த்தூ!”

யாசினின் முகம் சுருங்கிவிட்டது. அதோடு அவர்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. அவன் ஊருக்குப் போய்விட்டால் திரும்பி வரப்போவதில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

பாலைவனம் சாப்பாட்டை மறந்து நாவல்களைப் புரட்டினான். கட்டிக்கொள்கிற பெண் ஒன்றில் சித்தப்பா மகள், இன்னொன்றில் மாமன் மகள். “மொழிபெயர்த்தவங்களே கொழம்பியிருக்காங்க, நான் என்னடா செய்வேன்?” என்று அழாத குறையாகப் புலம்பினான். எனக்குப் பாவமாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ் கிளம்பத் தயாரானபோது பாலைவனம் யாசினின் கையைப் பிடித்துக்கொண்டான். “தப்பாப் பேசிட்டேன்டா. புஸ்தகத்துல இருக்கறதுதான் நீன்னு நெனச்சிட்டேன்.”

யாசின் அவனைக் கட்டிக்கொண்டான். “நீ எனக்கு இப்னு அம்மி.”

“அப்டின்னா?”

“சித்தப்பா பையன். புடிச்சவங்கள எங்க ஊர்ல அப்டித்தான் கூப்புடுவோம்.”

பாலைவனம் விரல்விட்டுக் கணக்குப் போட்டான். “சித்தப்பா பையன்னா தம்பி. ஆனா, நீ கட்டிக்கப்போறவளும் சித்தப்பா பொண்ணு, அவளுக்கு நான் அண்ணன்னா ஒனக்கு மச்சான். நான் தம்பியாடா, மச்சானாடா?”

“ரெண்டும்,” என்று பஸ் ஏறினான் யாசின்.

இன்றைக்கும் பாலைவனம் எனக்கு போன் போட்டு அதையேதான் கேட்கிறான். ஏதாவது ஒரு பதிலைச் சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால் போன் பண்ண மாட்டானே என்றுதான் சொல்லாமல் இருக்கிறேன்.