கடல் நானாவின் நாக்கு

மலைநாட்டில் தேயிலை வளர்த்தவர்கள் லட்சம் பேர். கடலை வளர்த்தவர் ஒரே ஒருவர்தான், அவர் எங்கள் பதுளைக் கடைத்தெருவில் மணிக்கூடு திருத்திக்கொண்டிருந்த கடல் நானா. நானா என்றால் முஸ்லிம்களின் பேச்சில் அண்ணன். அவருடைய கடல் இரண்டடி நீளம், ஓரடி அகலம். கண்ணாடித் தொட்டியில் அடங்கி, பழுதான மணிக்கூடுகளுக்கு நடுவே மேசைமேல் இருந்தது.

உள்ளே மீன் கிடையாது. பவளம் மட்டும்தான். மாலையில் கோர்க்கிற சிவப்புப் பவளமல்ல; தொட்டால் நாய்க்குடை போல மெத்தென்றிருக்கும் பழுப்பு நிறப் பவளம். எழுபதுகளின் தொடக்கத்தில் பொத்துவில் மீனவர் ஒருவரோடு கடல் வற்றும் நேரத்தில் பாறைக்குப் போய், கைப்பிடியளவு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். வெளிச்சம் பட்டால் அது உடம்பெங்கும் சின்னச் சின்ன விரல்களை நீட்டும்.

"என்ன நானா, இந்தக் கல்லைப் பார்த்துக்கிட்டே இருக்கீங்க?" என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு.

"கல்லா? சீவன் தம்பி, சீவன்! உங்களப் பார்த்துத்தான் கைய விரிக்குது. சலாம் செல்லுங்க!"

கந்தோர் உத்தியோகத்தர்கள் கூடத் தொட்டிக்கு சலாம் சொல்லியிருக்கிறார்கள். சொல்லாவிட்டால் மணிக்கூடு திரும்பி வராது.

சீவனுக்குக் காற்று வேண்டும். கடை மூலையில் ஒரு லொறி டியூப் கிடந்தது. அதிலிருந்து மெல்லிய குழாய் வழியாகக் காற்றுக் குமிழ்கள் தொட்டிக்குள் போகும். டியூபை நிரப்புவது வாடிக்கையாளர் கடமை. "மணிக்கூடு ரெடியாக அரை மணித்தியாலம் ஆகும். சும்மாதானே நிக்கிறீங்க, அடிங்க!" என்று சைக்கிள் பம்பைக் கையில் கொடுத்துவிடுவார். நீதிமன்ற முதலியார் பதவிக்காரர் ஒருவர் கோட்டைக் கழற்றிவைத்துவிட்டு வியர்க்க வியர்க்கக் காற்றடித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

பவளம் ஒரு விரல் நீளம் வளர்ந்ததும் சவர பிளேட்டால் ஒரு துண்டு நறுக்குவார். நூலால் ஓட்டுத் துண்டில் கட்டுவார். சில வாரங்களில் அது ஓட்டில் பிடித்துக்கொள்ளும். உடனே ஒரு போத்தலில் போட்டு, கடல் தண்ணீரும் சேர்த்து, யார் தலையிலாவது கட்டுவார். அவர் போத்தலோடு வருவதைக் கண்டால் கடைத்தெருவே பக்கத்துச் சந்தில் ஒதுங்கும்.

தண்ணீர் எப்படி வரும்? அங்கேதான் நான் வருகிறேன். அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்தேன். மாதம் ஒருமுறை பொத்துவிலுக்குப் போகவேண்டிய வேலை. திரும்பும்போது இரண்டு கேன் கடல் தண்ணீர் கொண்டுவருவேன். நானா ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்து, கண்ணை மூடித் தீர்ப்புச் சொல்வார். அந்த நாக்குக்கு வேறொரு வேலையும் உண்டு: விடிந்ததிலிருந்து வெற்றிலை மெல்லுவது.

இனிச் சொல்லப்போவதை ஐம்பது வருடமாக எங்கேயும் எழுதியதில்லை.

ஒரு மாதம், கேன்களை பஸ் ஆசனக் காலோடு கட்டுவதற்கு அவர் தந்திருந்த கயிற்றை நான் அவிழ்க்கவே இல்லை. சோம்பல். பசறைக்கு ஏறும் மலைவளைவுகளில் இரண்டு கேனும் உருண்டு, மூடி கழன்று, பஸ்ஸுக்குள் அலையடித்தது. ஒரு பெரியவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஆசனத்தில் ஏறி நின்றார். வெறுங்கேனோடு நானாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பசறையில் இறங்கி, குழாய்த் தண்ணீர் பிடித்து, கடையில் சமையல் உப்பு வாங்கிக் கேனுக்கு ஆறு பிடி போட்டுக் கலக்கினேன்.

நானா நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். "அல்ஹம்துலில்லாஹ்! சுத்தப் பொத்துவில்!"

மூன்றாம் நாள் பவளம் சுருங்கியது. ஐந்தாம் நாள் கரைந்து, நாற்றம் கடைத்தெருவைத் தாண்டியது. "எல்லாம் மவுத்தாப் போச்சு தம்பி" என்றார். என்னை அவர் சந்தேகப்படவே இல்லை. தன் நாக்கைச் சந்தேகப்பட்டார்.

"வெத்தில போட்டுப் போட்டு நாக்கு மரத்துப் போச்சு. உப்பே வெளங்கல்ல. நான்தான் கொன்னுட்டேன்."

அன்றே வெற்றிலையை விட்டார். மணிக்கூடு திருத்த வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். லொறி டியூப் மூலையில் சப்பிப்போய்க் கிடந்தது. நான் தினமும் அந்தக் கடையை வேகமாகத் தாண்டிப் போனேன்.

மூன்றாவது வாரம் பொறுக்கமுடியாமல், அவரிடம் துண்டு வாங்கியவர்களைத் தேடிக் கிளம்பினேன். தபால் கந்தோர்க்காரர் வீட்டில் பவளம் செத்துப்போய், ஓட்டுத் துண்டு குதிகால் தேய்க்கப் பயன்பட்டது. ஓர் ஆசிரியர் மனைவி பவளத்தையே கழுவிக் காயவைத்துச் சாமிப்படத்தடியில் வைத்திருந்தார். கடைசியாகத் தெமோதரைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் மருந்தையா வீடு. அவர் மனைவி ஜன்னலோரம் ஒரு கண்ணாடிப் போத்தலைக் காட்டினார். உள்ளே சுண்டுவிரலளவு பவளம், விரல்களை நீட்டிக்கொண்டு!

"நானா முன்ன குடுத்த தண்ணியத்தான் கொஞ்சங் கொஞ்சமா மாத்துறேங்க. காத்துக்கு இந்தப் பப்பாளி இலைக் குழாய வச்சு ஊதுறது. மருந்துக்கு வர்றவங்களும் வரிசையில நின்னு ஊதுவாங்க. இருமல்காரங்கள மட்டும் விடுறதில்லங்க."

நான் செய்ததைச் சொன்னேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எடுத்துட்டுப் போங்க. ஆனா நெசத்தச் சொல்லிட்டுத்தான் குடுக்கணும். இல்லன்னா நானே வந்து சொல்லுவேன்."

ரயிலில் போத்தலை மடியில் வைத்துப் பதுளை வரை பப்பாளிக் குழாயால் ஊதிக்கொண்டே வந்தேன். எதிரே இருந்தவர் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

கடைக்குள் போய், போத்தலை மேசையில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். நானா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"எத்தன பிடி?"

"கேனுக்கு ஆறு. நக்கிப் பார்த்துத்தான் போட்டேன் நானா."

"அப்ப என்ட நாக்குல பிழையில்ல!" மேசையில் ஓங்கித் தட்டி, கடைக்குப் பின்னால் வீட்டுப் பக்கம் திரும்பினார். "புள்ளேய், வெத்திலத் தட்டக் கொண்டா!"

வெற்றிலை வந்தது. மடித்தவர் வாயில் வைக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

"கடலுன்டா வெறும் உப்புத் தண்ணியா தம்பி? படிச்ச மனிசன் நீங்க."

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு பிளேட்டை எடுத்தார். மிஞ்சியிருந்த அந்த ஒரே துண்டை நான் தடுப்பதற்குள் இரண்டாக நறுக்கினார். ஒரு பாதியை ஓட்டில் கட்டிப் போத்தலில் போட்டு என் கையில் திணித்தார்.

"என்னிடமா நானா?"

"ரெண்டு வூட்டில இருந்தாத்தான் ஒண்டு தப்பும். வேற யாருக்குக் குடுக்க? இனி இந்த ஊர்ல உங்களப் போல கவனமா ஒருத்தரும் பார்க்க மாட்டார்."

மூன்று நாள் அது சுருங்கியே கிடந்தது. நான் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் காலை, ஜன்னல் வெயிலில், ஒரு விரல் நீண்டது. பிறகு இன்னொன்று. செருப்புக்கூடப் போடாமல் கடைத்தெருவுக்கு ஓடினேன். கலியாணம் நிச்சயமானபோதும், மகன் பிறந்தபோதும், ஒரு நல்ல செய்தி சொல்ல நான் அப்படி யாரிடமும் ஓடியதில்லை.